மூன்றாம் ஆண்டில் என்ன ஆனது? புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அனுபவத்தைப் பொதுவில் எழுதிவைக்க ஒரு வழிகாட்டி

சூரியத் தகடுகளைக் கூரையில் ஏற்றிய அன்று எடுத்த புகைப்படம் எல்லோரிடமும் இருக்கும். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். தகடு கண்ணாடிபோல் மின்னும். யாராவது நாடாவை வெட்டிக்கொண்டிருப்பார். அதே கூரை மூன்றாம் மழைக்காலம் முடிந்தபோது எப்படி இருந்தது என்று காட்டும் படத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது. வளரும் நாடுகளில் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் ஓடை நீரிலிருந்தும் சாணத்திலிருந்தும் ஆற்றல் எடுப்பதைப் பற்றிப் பலர் சேர்ந்து இணையத்தில் எழுதிவரும் பொது அறிவில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். திறப்பு விழா இருக்கிறது. பிறகு நடந்தது இல்லை.

அந்த ஓட்டையை அடைக்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. எழுத்தாளராக இருக்க வேண்டவே வேண்டாம். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், சாண எரிவாயுக் கலனில் தினமும் கரைத்து ஊற்றுகிறவர், ஓடை மின்நிலையத்தின் வாய்க்காலில் சருகு அள்ளுகிறவர் ஆகியோருக்குத் தெரிந்ததில் பாதிகூட அறிக்கைகளில் வருவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், மின் அளவு பார்க்க ஒரு மல்டிமீட்டர், படம் எடுக்க ஒரு கைப்பேசி இருந்தால் போதும்.

மெனக்கெட்டு எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 2022-இல் உலகில் ஏறக்குறைய 68.5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்கிறார்கள். பலருக்கு மின்சாரம் வரப்போவது பெரிய மின்கம்பி வழியாக அல்ல, சிறிய அமைப்புகள் வழியாகத்தான். அவற்றைப் பொருத்துகிறவருக்கு ஐயம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது. வேறொரு நாட்டில் வேறொருவர் அதே தவற்றைச் செய்து, திருத்தி, எழுதிவைத்திருந்தால் அதுவே அவருக்குத் துணை. நேபாளத்தில் உருவான ஒரு சாண எரிவாயுக் கலன் மாதிரி சில மாற்றங்களோடு எத்தியோப்பியாவிலும் கட்டப்படுகிறது. மலை நாட்டுச் செங்கல் வேலை இன்னொரு கண்டத்துக்குப் பயணம் போக வேண்டுமானால், யாராவது அதை அளவோடு எழுதியிருக்க வேண்டும்.

1. எங்கே எதை எழுதுவது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது. விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கும் சொந்த அனுபவத்துக்கும் இடமில்லை. ஏற்கெனவே நம்பகமான இடத்தில் வெளியான செய்தியைத்தான் அங்கே தொகுக்கலாம். "எங்கள் பம்பு எட்டு மாதத்தில் நின்றுபோனது" என்று அங்கே எழுதினால் நீக்கிவிடுவார்கள். அவர்கள் மீது குறையில்லை, அந்த வீட்டின் விதி அப்படி.

அனுபவத்தை ஏற்றுக்கொள்ளும் இடங்கள் வேறு. 2006-இல் தொடங்கிய அப்ரோபீடியா, கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யும் தீர்வுகளுக்கான விக்கி, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் தளம். நீங்கள் கட்டியதை, கட்டி உடைந்ததை அங்கே விரிவாக எழுதலாம். எனர்ஜிபீடியா என்பது வளரும் நாடுகளின் ஆற்றல் விஷயத்துக்கென்றே இருக்கும் விக்கி. நாட்டு நிலவரம், தொழில்நுட்பம், கடன் வசதி, திட்ட அனுபவம் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். ஒரு மின்நிலையம் எங்கே இருக்கிறது என்பதைக் குறிக்க, பலர் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்; படங்களைச் சேர்க்க விக்கிமீடியா காமன்ஸ்.

எழுதும் முன் ஒரு வாரம் படியுங்கள். உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே ஒரு கட்டுரை இருந்தால் புதிதாகத் தொடங்க வேண்டாம். இருப்பதில் ஒரு பத்தி சேருங்கள். ஒரே பொருளில் அரைகுறையாக ஆறு கட்டுரைகள் கிடப்பதைவிட, ஆறு பேர் கைபட்ட ஒரு கட்டுரை தேடி வருகிறவருக்கு உதவும். முதல் திருத்தம் சிறியதாக இருக்கட்டும்: ஒரு தவறான அலகைச் சரிசெய்வது, செத்துப்போன இணைய இணைப்பை மாற்றுவது. கையும் பழகும், அங்கிருப்பவர்களுக்கும் உங்கள் முகம் பழகும்.

2. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்

"சூரிய ஆற்றலின் நன்மைகள்" என்ற தலைப்பைக் கண்டால் ஓடிவிடுங்கள். அதில் எழுத வேண்டியது எல்லாம் எழுதப்பட்டாயிற்று. "கடலோரத்தில் பொருத்திய தகட்டின் இணைப்பு முனைகள் ஏன் பச்சை பூத்தன?" "குளிர்மாதங்களில் சாண வாயு குறைந்தபோது நாங்கள் என்ன செய்தோம்?" "பள்ளி விடுமுறையில் பேட்டரியை யார் பார்ப்பது?" இவை கேள்விகள். தலைப்பைப் பார்த்ததுமே, இதே தொல்லையில் இருக்கும் ஒருவர் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

கடைசிக் கேள்வி என் சொந்தக் கதை. நான் முதலில் எழுதியது ஒரு சிறிய பள்ளிக்கூடத்தின் சூரிய விளக்கு அமைப்பைப் பற்றி. பொருத்திய மூன்றாம் வாரமே உட்கார்ந்து எழுதிவிட்டேன். "அமைப்பு மிகச் சிறப்பாக இயங்குகிறது" என்று முடித்திருந்தேன். சில மாதம் கழித்து, வேறொரு நாட்டில் அதேபோன்ற பள்ளிக்கு விளக்கு பொருத்தும் ஒருவர் ஒரே ஒரு வரி கேட்டார்: நீண்ட விடுமுறையில் பேட்டரிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? எனக்குத் தெரியவில்லை. விசாரித்தேன். யாரும் ஊற்றவில்லை. இரண்டு மாதம் விளக்கே எரியாமல் பேட்டரி நாள்தோறும் மின்னேற்றம் மட்டும் பெற்று, நீர் வற்றி, உள்தகடுகள் வெளியே தெரிந்துகொண்டிருந்தன. என் கட்டுரையில் அந்த அமைப்பு இன்னமும் மிகச் சிறப்பாக இயங்கிக்கொண்டிருந்தது.

3. அளந்து எழுதுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்றவற்றை ஓரிரு மாலைகளில் முடித்துவிடலாம்.

தகட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணை அப்படியே எழுதிவிட்டு அதை "உற்பத்தி" என்று சொல்லாதீர்கள். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, தகட்டின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ். வெயிலில் கிடக்கும் தகடு 65 டிகிரியைச் சாதாரணமாக எட்டும். சிலிக்கான் தகடுகள் ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 விழுக்காடு திறனை இழக்கின்றன. 0.4 என்று வைத்துக்கொண்டால், 40 டிகிரி கூடுதலுக்கு 16 விழுக்காடு போய்விடும். 100 வாட் தகடு நல்ல வெயிலிலேயே 84 வாட் தரும். இது தெரியாமல் "தகடு மட்டமானது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆகவே எப்போது அளந்தீர்கள், தகடு எந்தத் திசையில் எவ்வளவு சாய்வாக இருந்தது, எந்த நேரத்தில் எந்த மரத்தின் நிழல் விழுந்தது, கடைசியாக எப்போது துடைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இடத்தில் எவ்வளவு வெயில் கிடைக்கும் என்று ஒப்பிட, உலக வங்கி 2017-இல் வெளியிட்ட குளோபல் சோலார் அட்லஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் கணிப்பானும் அப்படியே. கணிப்பான் சொன்னதையும் நீங்கள் அளந்ததையும் அடுத்தடுத்து எழுதினால், அந்த இரண்டு எண்களே ஒரு கட்டுரைக்குச் சமம்.

பேட்டரி விஷயத்தில் வோல்ட் அளவை மட்டும் எழுதுவது அரை உண்மை. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி, மின்னேற்றமும் மின் செலவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு ஏறக்குறைய 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது; 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. அதே பேட்டரி தகட்டிலிருந்து மின்னேறும்போது 14 காட்டும், பம்பு ஓடும்போது 11.8 காட்டும். எந்த நிலையில் எடுத்த அளவு என்று சொல்லாத எண்ணால் யாருக்கும் பயனில்லை. ஈய-அமில வகையா, லித்தியம் வகையா என்பதையும் மறக்க வேண்டாம். முதல் வகையைத் தினமும் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை அதைவிட ஆழமாக வடிப்பதைத் தாங்கும். ஒன்றின் அனுபவத்தை மற்றதற்குப் பொருத்திப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஓடையிலிருந்து மின்சாரம் எடுப்பவர்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. விநாடிக்கு எத்தனை லிட்டர் நீர், எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்ற இரண்டையும் பெருக்கி, 5-ஆல் பெருக்கினால், சிறிய நிலையத்திலிருந்து எதிர்பார்க்கக்கூடிய வாட் அளவு தோராயமாக வரும். கோட்பாட்டின்படி 9.81 வர வேண்டும். குழாய் உராய்விலும் சுழலியிலும் (டர்பைன்) ஜெனரேட்டரிலும் பாதி போய்விடும் என்பதால் 5. 20 லிட்டர் வாளி 4 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 5 லிட்டர். உயரம் 20 மீட்டர். கிடைப்பது சுமார் 500 வாட். இதில் எல்லோரும் விடும் செய்தி ஒன்று: எந்த மாதத்தில் வாளியைப் பிடித்தீர்கள்? மழை கொட்டும் மாதத்தில் அளந்து நிலையம் கட்டி, வறண்ட மாதங்களில் சுழலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதைகள் நிறைய. வறண்ட மாத அளவு இல்லாமல் சிறு நீர்மின் கட்டுரை வெளியிடவே கூடாது என்பது என் கட்சி.

சாண எரிவாயுவில் மாட்டுத் தலைகளை எண்ணுவது வழக்கம். தலைகளை எண்ணாதீர்கள்; கலனுக்குள் போகும் சாணத்தை நிறுத்துப் பாருங்கள். பகலெல்லாம் மேயப் போகும் மாடு பாதிச் சாணத்தை மேய்ச்சல் நிலத்துக்கே கொடுத்துவிட்டு வருகிறது. ஒரு கிலோ புதுச் சாணம் தோராயமாக 30 முதல் 40 லிட்டர் வாயு தரும். சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் கலக்க வேண்டும், அதனால் அந்தத் தண்ணீரை யார் எவ்வளவு தூரத்திலிருந்து சுமக்கிறார்கள் என்பதும் தொழில்நுட்பச் செய்திதான். குளிரில் நுண்ணுயிரிகள் சோம்பிவிடும். 15 டிகிரிக்குக் கீழே போனால் வாயு வெகுவாகக் குறையும். மாதவாரியாக அடுப்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று ஒரு சிறு அட்டவணை போட்டாலே போதும்.

கடைசியாக, "இவ்வூருக்கு மின்சாரம் வந்துவிட்டது" என்ற வாக்கியம். அது எவ்வளவு மின்சாரம்? உலக வங்கியின் எஸ்மாப் பிரிவு 2015-இல் வெளியிட்ட பல அடுக்குச் சட்டகம் இதற்கு உதவும். பூஜ்யம் முதல் ஐந்து வரை அடுக்குகள். முதல் அடுக்கு என்றால் நாளொன்றுக்குக் குறைந்தது 4 மணி நேரம், அதில் மாலையில் 1 மணி நேரம், குறைந்தது 12 வாட் மணி. ஒரு விளக்கும் கைப்பேசி மின்னேற்றமும், அவ்வளவுதான். ஐந்தாம் அடுக்கில் 23 மணி நேரம், 8.2 கிலோவாட் மணி. இரண்டையும் "மின்சாரம் வந்துவிட்டது" என்றே எழுதினால் வாசிப்பவருக்கு என்ன புரியும்? எந்த அடுக்கு என்று ஒரு சொல் சேருங்கள்.

4. அலகு, நாட்காட்டி, பணம்

மேலே சொன்ன நேபாளக் கலன் மாதிரியின் பெயர் ஜிஜிசி 2047. எதிர்காலத்திலிருந்து வந்த வடிவமைப்பு அல்ல அது. நேபாளத்தின் விக்ரம் சம்வத் ஆண்டுக்கணக்கில் 2047 என்றால் பொது ஆண்டு 1990. எத்தியோப்பிய நாட்காட்டியோ பொது ஆண்டுக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. நேபாளத்திலிருந்து எத்தியோப்பியாவுக்குப் போன ஒரு கலனின் வரலாற்றை நாட்காட்டி சொல்லாமல் எழுதினால், கலன் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கட்டப்பட்டதாகக் கணக்கு வரும்! ஆண்டைப் பொது ஆண்டில் எழுதி, உள்ளூர் ஆண்டைத் தேவையானால் பக்கத்தில் கொடுங்கள்.

பணத்தையும் அப்படியே. "மலிவாக முடிந்தது" என்பது செய்தியல்ல. எந்த நாட்டுப் பணம், எந்த ஆண்டு, சுமைகூலியும் சுங்கவரியும் சேர்ந்ததா இல்லையா என்று எழுதுங்கள். தகட்டின் விலை ஆண்டுக்காண்டு மாறுகிறது. கம்பி, தாங்கி, கூலி ஆகியவற்றின் பங்கைப் பிரித்துக் காட்டினால் பத்தாண்டு கழித்தும் அந்தக் கணக்கு உதவும். லட்சம், கோடி என்று எழுதினால் தெற்காசியாவுக்கு வெளியே புரியாது. பிறமொழி விக்கியில் எழுதும்போது முழு எண்ணாக எழுதிவிடுங்கள். வாட்டையும் வாட் மணியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது வேகம், இரண்டாவது கடந்த தூரம்.

5. உடைந்ததை எழுதுங்கள்

இது கூச்சமான வேலை. பணம் கொடுத்தவர் வருத்தப்படுவார், பொருத்தியவர் கோபப்படுவார், நமக்கே நம் தவறு தெரிந்துவிடும். ஆனாலும் வெற்றிக் கதையைப் படித்து ஒருவர் கைதட்டலாம், தோல்விக் கதையைப் படித்துத்தான் கம்பியின் தடிமனை மாற்றுவார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்தின் ஸ்கோரேக் என்ற ஒதுக்குப்புறக் கடலோரக் குடியிருப்பில் வாழும் ஹியூ பிகாட், கையால் செய்யக்கூடிய சிறு காற்றாலையின் செய்முறையைப் பல பத்தாண்டுகளாகச் செம்மைப்படுத்தி வெளியிட்டு வந்தார். மரத்தைச் செதுக்கி இறக்கை, இரும்புத் தட்டில் காந்தங்களைப் பதித்து ஜெனரேட்டர். பல நாடுகளில் பலர் அதைப் பார்த்துக் கட்டினார்கள். அதில் பயன்பட்ட நியோடிமியம் காந்தம் வலிமையானது, ஆனால் ஈரம் புகுந்தால் துருப்பிடித்து உப்பும். உப்பினால் ஜெனரேட்டரின் கம்பிச் சுருளில் உரசும். உரசினால் ஜெனரேட்டர் போச்சு. ஈரக் காற்றில் காற்றாலைகளை நிறுத்தியவர்கள் இந்தத் துருவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, துருப்பிடிக்காத ஃபெரைட் காந்தத்தில் செய்யும் முறையும் உருவானது. அது கனமானது, அதே திறனுக்கு அதிகப் பொருள் கேட்கும். ஆனால் ஈரத்தில் பிழைக்கும். துரு கண்டவர்கள் வெட்கப்பட்டு வாய்மூடியிருந்தால் அடுத்தவரும் அதே காந்தத்தைத்தான் வாங்கியிருப்பார்.

உடைந்ததை எழுதும்போது மூன்றைப் பிரித்து வையுங்கள்: கண்ணால் கண்டது, அளந்தது, ஊகித்தது. "மின்னலில் இன்வெர்ட்டர் போய்விட்டது" என்று எழுதுகிறோம். மின்னல் அடித்ததைப் பார்த்தீர்களா? அல்லது புயல் இரவுக்கு மறுநாள் இன்வெர்ட்டர் இயங்கவில்லையா? பின்னது என்றால் பின்னதையே எழுதுங்கள். உள்ளே பல்லி புகுந்து குறுக்குமின்னோட்டம் ஆகியிருக்கலாம். ஊகம் எழுதக்கூடாது என்பதில்லை. ஊகம் என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

இயந்திரம் மட்டும் உடைவதில்லை. வங்கதேசத்தில் இட்கால் என்ற அரசு நிதி நிறுவனத்தின் வீட்டுச் சூரியமின் திட்டம் 2003-இல் தொடங்கி 40 லட்சம் வீடுகளுக்கு மேல் எட்டியது. உலகிலேயே பெரிய திட்டங்களில் ஒன்று. பின்னர் மின்கட்டமைப்பு கிராமங்களுக்குள் வேகமாக நுழைந்தபோது சூரிய அமைப்புகளின் விற்பனை சரிந்தது. தகட்டில் எந்தப் பழுதும் இல்லை. சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது. உங்கள் அமைப்பைச் சுற்றி என்ன மாறியது என்பதையும் எழுதுங்கள். சாவி வைத்திருந்தவர் வேலை மாறிப் போனார், மாதக் கட்டணம் வசூலித்தவர்மேல் நம்பிக்கை போயிற்று, உதிரிப்பாகம் விற்ற கடை மூடிவிட்டது. அமைப்புகள் நின்றுபோவதில் இவற்றின் பங்கு பெரிது. கட்டுரைகளில் இவை வருவதோ அபூர்வம்.

6. உரிமம்

சலிப்பூட்டும் பகுதி, ஆனால் தவறினால் முழு உழைப்பும் வீண். தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து படத்தையோ பத்தியையோ அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். அதிலுள்ள தகவலை உங்கள் சொற்களில் எழுதலாம். வரைபடத்தை நீங்களே கையால் வரைந்து படமெடுத்துச் சேர்க்கலாம். கோணலாக இருந்தால் பரவாயில்லை.

உங்கள் சொந்தப் படைப்பை மற்றவர்கள் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம். "மாற்றக்கூடாது" என்ற நிபந்தனையைச் சேர்த்தால் மொழிபெயர்ப்பை வெளியிடவும் தடை வந்துவிடும். யாருக்காக எழுதினீர்களோ அவர்கள் மொழிக்கு அது போய்ச் சேராது. "வணிகப் பயன் கூடாது" என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த நிபந்தனையுள்ள படத்தை விக்கிமீடியா காமன்ஸ் ஏற்காது, தகடு பொருத்திப் பிழைக்கும் சிறு தொழிலாளியும் அச்சிட்டு விற்க முடியாமல் தயங்குவார். பெயரைக் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் கொண்ட உரிமமே விக்கிப்பீடியாவிலும் அப்ரோபீடியாவிலும் நடைமுறை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால், எடுத்த அளவுகள் உங்களுடையவையா நிறுவனத்துடையவையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

7. படங்கள்

நாடா வெட்டும் படம் வேண்டாம். இணைப்புப் பெட்டியின் உட்புறம், கம்பி சுவருக்குள் நுழையும் இடம், தாங்கியின் அடிப்பகுதி, தயாரிப்பாளர் சீட்டு, பழுதான பாகம். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ கையையோ வையுங்கள், அளவு புரியும். படம் எடுக்க ஆசைப்பட்டு மின்னேறிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் விரல் விடாதீர்கள். சூரியத் தகடு வெயில் இருக்கும் வரை மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும், அதற்குச் சுவிட்ச் கிடையாது.

மனிதர்களின் முகம் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். தனி வீட்டின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டாம். தகடும் பேட்டரியும் திருட்டுப் போகும் பொருள்கள். கைப்பேசி எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், ஏற்றும் முன் அதை அழித்துவிடுங்கள்.

8. அந்நியருக்கு எழுதுங்கள்

உங்கள் வாசகர் வேறு மொழியில் நினைக்கிறவர், மெதுவான இணைப்பில் சிறிய திரையில் படிக்கிறவர், ஒரு கையில் திருப்புளி வைத்திருப்பவர். ஆகவே விடையை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். நன்றியுரையும் திட்டத்தின் பின்னணியும் கீழே போகட்டும். எண்களைப் படமாக ஸ்கேன் செய்து போடாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். தேடினால் கிடைக்கும், மொழிபெயர்ப்புக் கருவியும் படிக்கும். குட்டை வாக்கியம் நல்லது.

தமிழில் எழுதினால் கலைச்சொல் சிக்கல் வரும். "மின்னேற்றக் கட்டுப்படுத்தி" என்று எழுதுவதா, "சார்ஜ் கன்ட்ரோலர்" என்று எழுதுவதா? இரண்டையும் முதல் முறை சேர்த்து எழுதிவிட்டு, பிறகு பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரையே பயன்படுத்துங்கள் என்பேன். தூய சொல்லுக்கு நான் எதிரியல்ல. ஆனால் படிப்பவர் கடைக்குப் போய்ப் பாகம் கேட்க வேண்டும்.

பிறமொழிக் கட்டுரையை மொழிபெயர்ப்பதும் மதிப்புள்ள பங்களிப்பு. அப்போது எண்களைத் தொடாதீர்கள், மூலம் எது என்று குறிப்பிடுங்கள், மூலத்தில் ஐயம் இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

9. மற்றவர்கள் கை வைக்கும்போது

கட்டுரையை வெளியிட்ட மறுநாளே யாரோ உங்கள் பத்தியை வெட்டியிருப்பார்கள். முதல் முறை கோபம் வரும். ஒரு நாள் பொறுத்து, கட்டுரையின் திருத்தங்களைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் என்ன மாறியது என்று பாருங்கள். பெரும்பாலும் வெட்டியவர் சொல்வதில் ஏதோ இருக்கும். இல்லையென்று உறுதியானால் உரையாடல் பக்கத்தில் அளவுகளோடு சொல்லுங்கள். மாற்றி மாற்றித் திருப்பிப்போடும் மல்லுக்கட்டில் இறங்க வேண்டாம். விற்பனையாளர்களும் வருவார்கள். ஒரே நிறுவனத்தின் பெயர் எட்டு முறை வரும் பத்தி, "சிறந்த", "முதன்மையான" என்ற அடைமொழிகள், பழுது என்ற சொல்லே இல்லாத பக்கம் ஆகியவை அவர்கள் வந்துபோன தடங்கள். அடைமொழிகளை நீக்குங்கள், சரிபார்க்கக்கூடிய எண்கள் இருந்தால் விட்டுவையுங்கள். நீங்களே விற்பனையாளர் என்றால் அதை உங்கள் பயனர் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுதுங்கள். மறைத்துப் பிடிபடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

10. திரும்பி வாருங்கள்

கட்டுரையை வெளியிட்ட அன்றே கைப்பேசி நாட்காட்டியில் மூன்று நினைவூட்டல்கள் போடுங்கள்: ஆறாவது மாதம், முதல் ஆண்டு, மூன்றாம் ஆண்டு. அந்த நாளில் இடத்துக்குப் போங்கள், முடியாவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். கட்டுரையின் அடியில் தேதி போட்டு நான்கு வரி சேருங்கள்: இயங்குகிறதா, எது மாற்றப்பட்டது, யார் பார்த்துக்கொள்கிறார்கள், முன்பு எழுதியதில் எது தவறு. பழைய வரிகளை அழிக்க வேண்டாம், அவற்றுக்குக் கீழேயே எழுதுங்கள்.

என் பள்ளிக்கூடக் கட்டுரையின் அடியில் இப்போது இருப்பது இது: "மூன்றாம் ஆண்டு. நான்கு பேட்டரிகளில் இரண்டு மாற்றப்பட்டன. நீர் வற்றியதே காரணம் என்று ஊகிக்கிறோம், உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை. விடுமுறைக்கு முன் நீர் நிரப்புவது பள்ளிக் காவலரின் பொறுப்பு. இதை எழுதிய அட்டை பேட்டரி அறையின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. மேலே 'மிகச் சிறப்பாக இயங்குகிறது' என்று எழுதியது மூன்று வார அனுபவத்தில். கிழக்குப் பக்க வகுப்பறையில் விளக்கு எரியவில்லை, கம்பியை எலி கடித்திருக்கிறது, அடுத்த வாரம் மாற்றுகிறார்கள்."